ராயபுரம் ஸ்டேஷனில் பார்க்க என்ன இருக்கிறது? – கடிதம்

வணக்கம் ஐயா,

ராயபுரம் ரயில் நிலையம் பற்றி நீங்கள் எழுதியதைப் படித்துவிட்டு, ஒரு கல்யாணத்துக்குச் சென்னை வந்தபோது மகளைக் கூட்டிக்கொண்டு போனேன். ஏழாம் வகுப்பு படிக்கிறாள். முதலில் சென்ட்ரலைப் பார்த்தோம். அங்கிருந்து ஆட்டோ. "அங்க என்னா சார் கீது? ஸ்டேஷன்னா சென்ட்ரல்தான்" என்றார் ஆட்டோக்காரர். போய் நின்றதும் மகளும் "இவ்ளோதானாப்பா?" என்றாள். எனக்கும் அப்படித்தான் இருந்தது. கட்டடம் இருக்கிறது, தூண்கள் இருக்கின்றன, ஆள்தான் இல்லை. பத்து நிமிடத்தில் திரும்பிவிட்டோம். இவ்வளவு பழைய ஸ்டேஷனை ஒரு மியூசியமாகவாவது ஆக்கியிருக்கலாமே?

எஸ்., கோவை

அன்புள்ள எஸ்.,

உங்கள் மகள் பொய் சொல்லவில்லை. சென்ட்ரலைப் பார்த்த கண்ணோடு போனால் ராயபுரம் சின்னதாகத்தான் தெரியும். சென்ட்ரலுக்கு மணிக்கூண்டு இருக்கிறது, எழும்பூருக்குக் கும்மட்டங்கள் இருக்கின்றன. ராயபுரத்துக்கு இருப்பது வரிசையாக உயர்ந்த தூண்களும், 1856 என்ற வருடமும். அந்த வருடம் ஜூன் 28-ம் தேதி கவர்னர் ஹாரிஸ் திறந்து வைத்தார். ஜூலை 1-ல் ராணிப்பேட்டை பக்கம் இருக்கிற வாலாஜா ரோடு ஸ்டேஷன் வரைக்கும் பயணிகள் ரயில் ஓட ஆரம்பித்தது. அதற்கு மூன்று வருடம் முன்பே பம்பாயிலிருந்து தானேவுக்கு ரயில் ஓடிவிட்டது, மறுக்கவில்லை. ஆனால் அந்தக் காலத்து பம்பாய், தானே நிலையக் கட்டடங்கள் இன்று இல்லை. ராயபுரம் இருக்கிறது. 'பழையது' என்கிற பெருமை அந்தக் கணக்கில் வந்ததுதான். அதை மட்டும் சொல்லி ஒரு பிள்ளையைக் கூட்டிப்போனால் "இவ்ளோதானா" என்று கேட்கத்தான் செய்வாள்.

என் யோசனை, நீங்கள் வந்த திசையை மாற்றுவது. சென்ட்ரலில் இருந்து ஆட்டோவில் போகாமல், கடல் பக்கத்திலிருந்து வந்து பாருங்கள். பீச் ஸ்டேஷனில் கும்மிடிப்பூண்டி பக்கமோ அரக்கோணம் பக்கமோ போகிற எலக்ட்ரிக் ட்ரெயின் ஏறினால் அடுத்த நிறுத்தம் ராயபுரம். ஒருபக்கம் துறைமுகத்தின் கிரேன்களும் கன்டெய்னர் அடுக்குகளும் தெரியும். அவற்றையெல்லாம் மனதிலிருந்து அழித்துவிடுங்கள். 1856-ல் இங்கே துறைமுகமே கிடையாது. கப்பல்கள் தள்ளிக் கடலிலேயே நங்கூரம் போட்டு நிற்கும். ஆளும் சரக்கும் கரைக்கு வந்தது மசூலா படகில். பலகைகளை ஆணியே அடிக்காமல் கயிற்றால் தைத்த படகு அது. சென்னைக் கரையில் அலை முறிகிற வேகத்துக்கு ஆணி அடித்த படகு பிளந்துபோகும். தைத்த படகு கொஞ்சம் நெளிந்து கொடுத்துக் கரையேறிவிடும். துறைமுக வேலை தொடங்கியதே 1875-ல்தான். அதுவும் 1881 புயலில் அடி வாங்கியது. ஆக, நம் ஊருக்கு ரயில் வந்த புதிதில் கடல் வழியாக எது வந்தாலும் படகோட்டிகள் தயவில்தான் வந்தது. ராயபுரத்துப் படகோட்டிகள் அவ்வளவு லேசுப்பட்டவர்கள் இல்லை. அங்கே இருக்கிற புனித பேதுரு தேவாலயம் அவர்கள் தங்கள் பணத்தில் கட்டியது. ஸ்டேஷன் வருவதற்கு முன்பே அது இருந்தது.

சரி, ஸ்டேஷனை ஏன் ராயபுரத்தில் வைத்தார்கள்? இதை உங்கள் மகளுக்குச் சொல்லுங்கள், அவளுக்குப் பிடிக்கும். ஜார்ஜ் டவுனைச் சுற்றி அப்போது மதில் இருந்தது. பிரெஞ்சுக்காரர்கள் முற்றுகை போட்டுப் போன பிறகு, 1770 வாக்கில் எழுப்பிய மதில். வியாபாரம் எல்லாம் அதற்குள்ளே நெருக்கியடித்துக் கிடந்தது. காலி நிலமும் வேண்டும், வியாபாரிகளுக்குக் கிட்டவும் இருக்க வேண்டும் என்றால் மதிலைத் தாண்டியதும் உள்ள இடம்தான் தோது. ராயபுரம் வடக்கு மதிலுக்கு வெளியே. பின்னால் 1873-ல் வந்த சென்ட்ரல் மேற்கு மதில் நின்ற பக்கத்துக்கு வெளியே. சென்ட்ரலை ஒட்டிப் போகிற வால்டாக்ஸ் ரோடு அந்த மேற்கு மதில் ஓடிய வழி. நீங்கள் பார்த்த இரண்டு ஸ்டேஷன்களும் ஒரே கோட்டையூரின் இரண்டு வாசல்கள் மாதிரி. வடக்கு மதிலில் ஒரு துண்டு இன்னும் பழைய ஜெயில் ரோட்டில் மிச்சம் இருக்கிறது. மேலே ஏறிப் பார்க்கலாம் என்பதால் மாடிப் பூங்கா என்று பெயர். பராமரிப்பைப் பற்றி என்னிடம் கேட்காதீர்கள்.

கோவைக்காரரான உங்களுக்கு இதில் சொந்தப் பாத்தியதையும் உண்டு. ராயபுரத்தில் கிளம்பிய பாதை 1862-ல் போத்தனூரைத் தொட்டு மேற்குக் கரையில் பேப்பூர் வரை போய்விட்டது. அப்போது சென்ட்ரல் கிடையாது. போத்தனூரில் ரயிலேறி முதன்முதலாகப் பட்டணம் பார்க்க வந்தவர்கள் மூட்டையோடு இறங்கியது நீங்கள் பத்து நிமிடம் நின்ற அந்த இடத்தில்தான். ஆள் இல்லை என்று எழுதியிருக்கிறீர்களே, அதுதான் அந்த இடத்தின் முழுக் கதை. 1907 வாக்கில் சென்ட்ரல்தான் முக்கிய முனையம் என்று ஆனது. துறைமுகம் பெருகப் பெருக ராயபுரம் சரக்குக்குப் போய்விட்டது. கட்டடத்துக்கு ஒன்றும் ஆகவில்லை, காத்திருக்கிற ஜனம் இடம் மாறிவிட்டது.

இதனால்தான் மியூசியம் யோசனை எனக்கு ஒப்பவில்லை. 2005-ல் இந்தக் கட்டடத்தைப் புதுப்பித்துத் திறந்தார்கள். நல்ல வேலைதான். ஆனால் சுண்ணாம்பு அடித்ததால் ஒரு ஸ்டேஷனுக்கு உயிர் வந்துவிடாது. எழும்பூர் கட்டடம் 1908-ல் வந்தது. இன்றும் பார்க்க நன்றாக இருக்கிறது என்றால், அதன் கூரைக்குக் கீழே தென்காசிக்கும் தூத்துக்குடிக்கும் போகிறவர்கள் பையைத் தலைக்கு வைத்துப் படுத்திருப்பதும் ஒரு காரணம். அவர்களை எழுப்பிவிட்டு அங்கே கண்ணாடிப் பெட்டியில் பழைய டிக்கெட்டை வைத்தால் யார் பார்ப்பார்கள்? மியூசியம்தான் வேண்டுமென்றால் பெரம்பூரில் ஐ.சி.எஃப். என்கிற ரயில் பெட்டித் தொழிற்சாலை பக்கம் ரயில் மியூசியம் இருக்கிறது, மகளை அங்கே கூட்டிப்போங்கள். ராயபுரத்தை முனையமாக்க வேண்டும் என்று பல வருடமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். வந்தால் நல்லது. ஆனால் முனையம் என்ற பேரில் இந்தத் தூண்களுக்கு முன்னால் ஒரு கண்ணாடிக் கட்டடத்தை நிறுத்திவிடுவார்களோ என்ற பயமும் எனக்கு உண்டு. அதுவரைக்கும், டிக்கெட் கவுன்டரையாவது பழைய கட்டடத்துக்குள் வைத்தால் போதும். பத்து ரூபாய் டிக்கெட்டுக்காக நாலு பேர் உள்ளே வந்து நிற்பார்களே.

இன்னொன்று, ராயபுரம் முழுக்க ஓய்ந்துவிடவில்லை. காலையில் பிளாட்பாரத்தில் மீன்கார அம்மாக்கள் அன்னக்கூடையோடு உட்கார்ந்திருப்பார்கள். காசிமேட்டு மீன். மேலே ஈரச்சாக்கு போர்த்தியிருக்கும், ஐஸ் தண்ணி சொட்டிக் கீழே ஒரு கோடு ஓடும். வண்டி வந்து நிற்கிற அந்தச் சில நொடிக்குள் ஒருத்தர் ஏற, இன்னொருத்தர் கூடையைத் தூக்கிக் கொடுக்க, அதற்குள் யாராவது ஒரு ஆபீஸ்காரர் மூக்கைப் பிடித்துக்கொண்டு நகர, பெரிய ரகளையாக இருக்கும். அப்புறம், இங்கே ஒரு மின்சார எஞ்சின் ஷெட் இருக்கிறது. அடுத்த முறை சென்ட்ரலில் வடக்கே போகிற பெரிய ரயில் நின்றால் எஞ்சின் பக்கம் நடந்து போய்ப் பாருங்கள். 'ராயபுரம்' என்றோ 'ஆர்.பி.எம்.' என்றோ எழுதியிருக்க நிறைய வாய்ப்பு உண்டு. ஆட்டோக்காரரிடம் சொல்லுங்கள்: டெல்லிக்கு இழுத்துக்கொண்டு போவது ராயபுரத்து எஞ்சின்.

சுற்றுவட்டாரத்தில் வேறு என்ன பார்க்கலாம் என்றால், ஸ்டான்லி ஆஸ்பத்திரி. வடசென்னைப் பெரியவர்களுக்கு அது இன்னும் கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரிதான்; 1780-களின் பஞ்சத்தில் கஞ்சி ஊற்றிய சத்திரத்தில் இருந்து வளர்ந்தது. பார்சிகளின் தீக்கோயில் ஒன்று 1910-லிருந்து இருக்கிறது, இறந்துபோன மகன் நினைவாக ஒரு தகப்பன் கட்டியது. பார்சி அல்லாதவர்களுக்கு உள்ளே அனுமதி இல்லை, வெளியே நின்று பார்த்துவிட்டு வரலாம். ராபின்சன் பூங்கா, 1949 செப்டம்பரில் தி.மு.க.வின் முதல் பொதுக்கூட்டம் மழையில் நடந்த இடம். எல்லாவற்றையும் ஒரே நாளில் முடிக்கப் பார்க்காதீர்கள், பிள்ளை சோர்ந்துவிடும்.

காலை ஏழு, எட்டு மணிக்குப் போனால் நல்லது. ஞாயிற்றுக்கிழமை வேண்டாம், வண்டிகள் குறைவு. திரும்பும்போது பீச் ஸ்டேஷனில் இறங்கினால் எதிர்ப்பக்கம் பர்மா பஜார், அதற்குப் பின்தெருவில் அத்தோ கடைகள். பர்மாவிலிருந்து திரும்பி வந்த தமிழர்கள் கொண்டுவந்த நூடுல்ஸ். கையாலேயே கிளறி, வறுத்த வெங்காயமும் புளித்தண்ணியும் போட்டுத் தருவார்கள். காரத்தைக் குறைத்துப் போடச் சொன்னால் போடுவார்கள். மகளுக்கு அப்படிச் சொல்லியே வாங்குங்கள்.