இரண்டாவது குழி

கேள்வி: செம்பூரில் வசிக்கிறோம். எட்டாம் வகுப்பு படிக்கும் என் பேத்தி, பள்ளி சாஃப்ட்பால் அணியின் பிட்சர், அதாவது பந்து வீசுபவள். சென்ற மாதம் பள்ளிகளுக்கு இடையே நடந்த ஓர் ஆட்டத்தில், ஒரே இன்னிங்ஸில் நான்கு முறை அவள் வீச்சு செல்லாது என்று, ஓட்டக்காரர்கள் தொடும் பேஸ்களின் பக்கம் நிற்கும் பேஸ் நடுவர் அறிவித்தார். இரண்டு ஆண்டுகளாக ஒருவரும் குறை சொன்னதில்லை. எதிரணிப் பெண்ணும் அப்படித்தான் வீசினாள், அவளை விட்டுவிட்டார்கள். நடுவர் ஓரவஞ்சனை செய்தார் என்கிறார் பயிற்சியாளர். புகார் கொடுக்கலாமா? பேத்தி அன்றிலிருந்து பந்தைத் தொடவே இல்லை.

பதில்: புகார் எழுதுவதற்கு முன் ஒரு காரியம் செய்யுங்கள் ஐயா. யாரும் கால் வைக்காத காலை நேரத்தில் பேத்தியை மைதானத்துக்கு அழைத்துப் போங்கள். வீசும்போது கால் வைக்கும் பலகையான பிட்சர் பிளேட்டுக்கு முன்னால் உள்ள மண்ணைத் துடைப்பத்தால் சமப்படுத்திவிட்டு, முழு வேகத்தில் ஐந்து பந்து வீசச் சொல்லுங்கள். பிறகு குனிந்து மண்ணைப் பாருங்கள். பிளேட்டிலிருந்து முன்னோக்கி ஒரே இழுப்பாகக் கோடு போயிருந்தால் உங்கள் பேத்தியின் கால் சுத்தம். கோடு நடுவில் அறுந்து, ஒரு முழம் தள்ளிப் புதிதாக ஒரு குழி பறிந்திருந்தால், நடுவர் கண்டது அந்தக் குழியைத்தான்.

இந்தப் பிழைக்கு 'கிரோ ஹாப்' என்று பெயர். காகம் தத்துவதைக் கவனித்திருப்பீர்கள். ஒரு தத்து, ஊன்றல், மறுபடி தத்து. பிட்சரும் அதையே செய்கிறாள். பிளேட்டை உந்திக் கிளம்பிய கால், பந்து கையை விட்டுப் போவதற்குள் முன்னால் வந்து மறுபடி தரையில் ஊன்றி, அங்கிருந்து இன்னொரு முறை உந்துகிறது. விதி ஓர் உந்துதலை மட்டுமே அனுமதிக்கிறது, அதுவும் பிளேட்டிலிருந்து. அமெரிக்க விதிநூல்களில் 12 வயதுப் பிரிவில் பிட்சிங் தூரம் 40 அடி, அதற்கு மேல் 43 அடி. மணிக்கு 80 கிலோமீட்டர் வேகத்தில் பந்து வந்தால் பேட்டருக்குக் கிடைப்பது ஏறக்குறைய அரை விநாடி. அந்தத் தூரத்திலிருந்து ஒரு முழத்தைத் திருடினாலும் எதிரே நிற்கும் குழந்தைக்கு அது பெரிய இழப்பு.

இதோடு சேர்த்துக் குழப்பிக்கொள்ளும் இன்னொன்று 'லீப்'. உந்திய பிறகு இரண்டு கால்களும் ஒரு கணம் காற்றில் இருக்கும்; ஆனால் இரண்டாவது ஊன்றல் கிடையாது. பெண்கள் ஆட்டத்தில் இதுவும் நெடுங்காலம் குற்றமாகவே இருந்தது. அண்மையில் விதிகள் தளர்ந்தன. அமெரிக்கப் பள்ளி ஆட்டங்களில் 2024 பருவத்திலிருந்து லீப் செல்லும். எதிரணிப் பெண் வீசியது லீப்பாக இருந்திருக்கலாம். பார்வையாளர் வரிசையிலிருந்து இரண்டும் ஒன்றுபோலத்தான் தெரியும். நடுவரே தவறவிட்டிருக்கவும் வாய்ப்பு உண்டு. அந்தப் போட்டி எந்த விதிநூலின்படி நடந்தது என்பதை முதலில் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். தண்டனைகூட நூலுக்கு நூல் மாறுகிறது. பேட்டருக்குச் சாதகமாக எண்ணப்படும் ஒரு 'பால்', ஓடுபவர்கள் எல்லாரும் ஒரு பேஸ் முன்னேறலாம் என்பது பழைய முறை. சில நூல்கள் அந்த முன்னேற்றத்தை நீக்கிவிட்டன.

பேட்டருக்குப் பின்னால் நிற்கும் பிளேட் நடுவர் ஏன் சொல்லவில்லை, பேஸ் நடுவர் ஏன் சொன்னார் என்ற சந்தேகமும் உங்களுக்கு இருக்கும். நேர் எதிரே நிற்பவருக்குக் கைகள் சேர்ந்து நின்றனவா, முன்கால் 24 அங்குல அகலப் பாதைக்குள் விழுந்ததா என்பவை தெரியும். கால் தத்துவது பக்கவாட்டிலிருந்துதான் தெளிவாகத் தெரியும். இருவருக்கும் அறிவிக்கும் அதிகாரம் உண்டு. இடக்கையை மடக்கிய விரல்களோடு பக்கவாட்டில் நீட்டுவது அதற்கான சைகை. பந்து உடனே நின்றுவிடுவதில்லை. பேட்டர் அடித்து, அவரும் மற்ற ஓட்டக்காரர்களும் குறைந்தது ஒரு பேஸ் பத்திரமாகச் சேர்ந்துவிட்டால் அந்தக் குற்றம் கணக்கில் வராது.

புகார் பற்றி: கால் தத்தியதா இல்லையா என்பது நடுவரின் கண் சொல்லும் தீர்ப்பு, அதை எதிர்த்து முறையிட இடமில்லை. விதியையே தவறாகப் பயன்படுத்தியிருந்தால், உதாரணமாக இல்லாத தண்டனையைக் கொடுத்திருந்தால், அடுத்த பந்து வீசப்படும் முன் பயிற்சியாளர் எதிர்ப்பைப் பதிவு செய்திருக்க வேண்டும். அந்த நேரம் போய்விட்டது. உங்கள் பயிற்சியாளர் அன்று செய்திருக்க வேண்டியது, இன்னிங்ஸ் இடைவேளையில் தனியே சென்று "என்ன பார்த்தீர்கள்?" என்று பணிவாகக் கேட்பது. ஓரவஞ்சனை என்று சிறுமியின் காதுபடச் சொன்னது எனக்கு வருத்தமாக இருக்கிறது. அந்தச் சொல் அவளுக்கு ஆறுதல் தருவதுபோல் தெரியும். ஆனால் திருந்தும் வழியை அடைத்துவிடும்.

1995இல் மெல்பர்னில் முரளிதரனின் பந்தை கிரிக்கெட் நடுவர் டாரல் ஹேர் ஏழு முறை நோபால் என்றது உங்களுக்கு நினைவிருக்கும். நாமெல்லாம் அன்று கொதித்தோம். ஆனால் அது முழங்கை பற்றிய வழக்கு. ஆய்வகத்தில் அளந்துபார்க்க வேண்டியிருந்தது, வீசும்போது முழங்கை 15 பாகை வரை நிமிரலாம் என்று விதியே பின்னால் மாறியது. இங்கே சாட்சி மண்ணில் கிடக்கிறது. அதோடு, 13 வயதுக் கால் சில வாரங்களில் பழகிக்கொள்ளும்.

இரண்டு ஆண்டுகள் எவரும் சொல்லாததுதான் எனக்குக் கோபம் தருகிறது. நானும் அந்தத் தவற்றைச் செய்தவன். நடுவராக இருந்த தொடக்கக் காலத்தில், சின்னப் பெண்தானே என்று ஒரு பிட்சரின் தத்தலைக் கண்டும் காணாமல் விட்டேன். ஐந்து ஆண்டுகள் கழித்து ஒரு தேர்வு ஆட்டத்தில் வேறு நடுவர்கள் அவளைத் திரும்பத் திரும்ப நிறுத்தினார்கள். அதற்குள் தத்தல் உடம்பில் ஊறிவிட்டது. மாற்ற முயன்றால் பந்து வேறெங்கோ போயிற்று. பிட்சிங்கை விட்டே போய்விட்டாள். உங்கள் பேத்தியை நிறுத்தியவர் அவளுக்கு நல்லதே செய்திருக்கிறார்.

இனித் திருத்தம். முதலில் தரையைப் பாருங்கள். நம் மைதானங்களில் பிளேட்டுக்கு முன்னால் கால் பட்டுப் பட்டுப் பள்ளம் விழுந்திருக்கும், மழைக்குப் பிறகு இன்னும் ஆழமாக. அந்தப் பள்ளத்தின் விளிம்பு இரண்டாவது படிபோல உதவும்; கால் தானாகவே அதில் ஊன்றும். ஆகவே ஒவ்வொரு பயிற்சிக்கும் முன் அதை மண் போட்டு மிதித்து மூடுங்கள். பிறகு வேகத்தைப் பாதியாகக் குறைத்து வீசச் சொல்லுங்கள். பெரும்பாலும் வேகத்துக்கு ஆசைப்பட்டுத்தான் தத்தல் வருகிறது. தொடை வலு போதாதபோது உடம்பு குறுக்கு வழி தேடுகிறது. சிமென்ட் தரையில் பின்காலுக்கு அடியில் ஒரு பழைய துண்டை மடித்து வைத்து, துண்டும் கூடவே இழுபட்டு வரும்படி மெதுவாக வீசட்டும். கால் தூக்கினால் துண்டு பின்தங்கிவிடும். யாரும் சொல்லாமலே அவளுக்குப் புரியும். இழுப்பு நிலைத்த பிறகே வேகத்தைக் கூட்டுங்கள். கைப்பேசியில் மெதுவோட்டப் படம் எடுப்பதானால் பக்கவாட்டிலிருந்து, தரையளவில் வைத்து எடுங்கள். முன்னாலிருந்து எடுத்தால் பயனில்லை.

அவளை மறுபடி பந்தைத் தொட வைப்பதற்குப் பெரிய பேச்சு எதுவும் வேண்டாம். மண்ணைச் சமப்படுத்தித் துடைப்பத்தை அவள் கையிலேயே கொடுங்கள். ஐந்து பந்துகளுக்குப் பிறகு தன் கோட்டைத் தானே பார்க்கட்டும். அதுவரை நீங்கள் கொஞ்சம் தள்ளி நில்லுங்கள்.