போன் போட்டதும் ஜிஎஸ்எம் மாட்யூல் அணைகிறதே, ஏன்?

கேள்வி: ஒடுகத்தூர் பக்கம் எங்கள் கிணற்று மோட்டாரை செல்போனில் ஓட்ட, சிம்800எல் மாட்யூல் (சிம் கார்டு போட்டு டவரோடு பேசும் சிறு போர்டு) வைத்து நானே ஸ்டார்ட்டர் செய்தேன். வேலூர்க் கடையில் சோதித்தபோது நன்றாக ஓடியது. தோட்டத்தில் போன் போட்டால் அணைந்து அணைந்து வருகிறது. 5 வோல்ட் 2 ஆம்ப் சார்ஜரில், வோல்டேஜைக் குறைக்க ஒரு டயோடு சேர்த்து சப்ளை கொடுத்திருக்கிறேன், மீட்டரில் 4 வோல்ட் சரியாகக் காட்டுகிறது. இரண்டு மாட்யூல் போய்விட்டது, மூன்றாவது வாங்குங்கள் என்கிறார் கடைக்காரர். வாங்கலாமா?

பதில்: வாங்காதீர்கள். கோளாறு மாட்யூலில் இல்லை, சப்ளையில்.

சும்மா இருக்கும்போது மாட்யூல் இழுக்கும் கரண்ட் மிகக் குறைவு. டவரோடு பேசும்போது மட்டும் நொடிக்கு 200 தடவைக்கு மேல், ஒவ்வொரு தடவையும் அரை மில்லி நொடிக்குச் சற்று அதிகமாக, 2 ஆம்ப் வரை இழுக்கும். அந்த நேரத்தில் வோல்டேஜ் 3.4-க்குக் கீழே இறங்கினால் அணைந்துவிடும். மீட்டர் சராசரியைத்தான் காட்டும், இந்தக் குழி அதன் கண்ணில் படாது. வேலூரில் டவர் பக்கத்தில் இருப்பதால் மாட்யூல் மெதுவாகப் பேசினாலே போதும். ஜவ்வாது மலை அடிவாரத்தில் சிக்னல் குறைந்தால் முழு பலத்தோடு கத்தும். கடையில் ஓடி, தோட்டத்தில் படுப்பது இதனால்தான். மாட்யூல் போய்விட்டது என்று சொல்லி இன்னொன்றை விற்பது சுலபம். சப்ளையைச் சோதித்துப் பார்க்கச் சொன்னால் கடைக்காரருக்கு என்ன கிடைக்கும்?

2 ஆம்ப் என்று எழுதியிருக்கும் சார்ஜரெல்லாம் 2 ஆம்ப் தராது. ‘ஆர்’ என்று தொடங்கும் பிஐஎஸ் (இந்தியத் தர நிர்ணய அமைப்பு) பதிவு எண் இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். அந்த எண் இல்லாததும் அதே மேஜையில்தான் விற்கிறது, கேட்பாரில்லை. அதைப் பார்த்தால் எனக்கு எரிச்சலாக வருகிறது.

சரி, செய்ய வேண்டியது இது. 12 வோல்ட் 2 ஆம்ப் அடாப்டர், அதற்கு அடுத்து வோல்டேஜை இறக்கித் தரும் எல்எம்2596 பக் கன்வர்ட்டர் போர்டு. 5 வோல்ட் சார்ஜரிலிருந்து இந்தப் போர்டில் 4 வோல்ட் எடுக்க முயலாதீர்கள், கரண்ட் ஏறும்போது வோல்டேஜ் இறங்கிவிடும். மாட்யூலை இணைக்கும் முன்பே மீட்டர் வைத்து போர்டின் திருகை 4.0 வோல்ட்டுக்குத் திருகுங்கள், 4.4-ஐத் தாண்டக் கூடாது. அந்தக் குழியை நிரப்ப, மாட்யூலின் சப்ளை காலுக்கு ஒட்டியே 1000 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர் ஒன்று, பிளஸ் மைனஸ் மாறாமல். சால்டர் இல்லாமல் செருகும் பிரெட்போர்டும் மெல்லிய ஜம்பர் வயரும் வேண்டாம். அவற்றில் அரை ஓம் ரெசிஸ்டன்ஸ் இருந்தாலே 2 ஆம்ப்பில் 1 வோல்ட் அங்கேயே போய்விடும். குட்டையான தடித்த வயரை சால்டர் செய்யுங்கள். மாட்யூலோடு இணைத்திருக்கும் கன்ட்ரோலர் போர்டின் கிரவுண்டும் (மைனஸ்) இந்த சப்ளையின் கிரவுண்டும் சேர்ந்திருக்க வேண்டும்.

கன்வர்ட்டரே தேவைப்படாத வழி ஒன்று உண்டு: ஒற்றை லித்தியம் செல். முழு சார்ஜில் 4.2 வோல்ட், அதனால் நேராகவே இணைக்கலாம், நல்ல செல்லுக்கு 2 ஆம்ப் பெரிய விஷயமில்லை. ஆனால் நல்ல செல்லாக இருக்க வேண்டும். 18650 என்ற உருளை செல் அளவில் 9900 எம்ஏஎச் என்று எழுதியிருந்தால் அது பொய், தரமான செல்லிலேயே 3500 அளவுதான் கிடைக்கும். பழைய லேப்டாப் பேட்டரியிலிருந்து கழற்றிய செல்லும் வேண்டாம், தேய்ந்த செல் சும்மா இருக்கும்போது 4 வோல்ட் காட்டி, இழுத்ததும் உட்கார்ந்துவிடும். இரண்டு செல்லை வரிசையாகப் போட்டால் 8.4 வோல்ட், மாட்யூல் அந்த நொடியே எரிந்துவிடும். பக்கவாட்டில், அதாவது பிளஸோடு பிளஸ், மைனஸோடு மைனஸ் இணைக்கலாம், இரண்டும் ஒரே சார்ஜ் அளவில் இருந்தால் மட்டும். பாதுகாப்பு சர்க்யூட்டும் கட்டாயம். 3.6-க்கு இறங்கும் முன்பே சார்ஜ் போடுங்கள்.

அப்புறம், சிம்800எல் 2ஜி மட்டும்தான். ஜியோவுக்கு 2ஜியே கிடையாது, அந்த சிம்மைப் போட்டால் எந்த சப்ளையும் காப்பாற்றாது. இதைச் சொல்லாமலே இன்னும் விற்கிறார்கள். பிற்பாடு புதிதாக வாங்கினால் 4ஜி மாட்யூலாக வாங்குங்கள். அதற்கும் 2 ஆம்ப் தாங்கும் சப்ளை வேண்டும், வோல்டேஜ் மட்டும் 3.8.

போய்விட்டது என்ற அந்த இரண்டையும் எறிந்துவிடாதீர்கள். புது சப்ளையில் முதலில் அவற்றைப் போட்டுப் பாருங்கள், பெரும்பாலும் உயிரோடுதான் இருக்கும்.