முடக்குவாதம் உள்ளவருக்கு லிம்போசைட் கூடினால் அது ரத்தப் புற்றுநோயா?

பல வருடமாக முடக்குவாதம் (ருமட்டாய்டு ஆர்த்ரைடிஸ்) உள்ள அம்மாவுக்கு, கிருமிகளை எதிர்க்கும் வெள்ளையணுக்களான நியூட்ரோஃபில் குறைந்து, இன்னொரு வகை வெள்ளையணுவான லிம்போசைட் கூடியிருக்கிறது, ரிப்போர்ட்டில் 'லார்ஜ் கிரானுலர் லிம்போசைட்' என்று ஒரு வரி இருக்கிறது, இது புற்றுநோயா, முடக்குவாதத்துக்குச் சாப்பிடும் மெத்தோட்ரெக்சேட்டை நிறுத்திவிடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

ரத்தவியல் ஆய்வகத்தில் ஸ்லைடு பார்ப்பது என் வேலை. மருத்துவர் இல்லை. ஆனால் அந்த ஒரு வரியை எழுதும் இடத்தில் இருப்பதால் சொல்கிறேன்: அந்த வரி மட்டும் புற்றுநோய் என்று அர்த்தமாகாது.

சாதாரண லிம்போசைட் சிவப்பணுவைவிடக் கொஞ்சம்தான் பெரிதாக இருக்கும். உட்கரு செல்லை ஏறக்குறைய நிறைத்துவிடும். லார்ஜ் கிரானுலர் வகை அதைவிடப் பெரிது. உட்கரு ஓரமாக ஒதுங்கியிருக்க, சுற்றிலும் வெளிறிய நீலம். அதில் செம்மை கலந்த ஊதா நிறத்தில் பொடிப்பொடியாகத் துகள்கள். ஆரோக்கியமானவர்கள் ரத்தத்திலும் இவை இருக்கும். எத்தனை இருக்கின்றன, எல்லாமே ஒரே செல்லின் வாரிசுகளா என்பதுதான் கேள்வி. அதை ஸ்லைடு பார்த்துச் சொல்ல முடியாது. செல்களின் வகையைப் பிரித்துக் காட்டும் ஃப்ளோ சைட்டோமெட்ரியும், லிம்போசைட்டில் ஒரு வகையான டி செல்லின் ஏற்பி மரபணுப் பரிசோதனையும் வேண்டும்.

முடக்குவாதத்தில் இது ஏன் வருகிறது? கிருமி வந்தால் டி செல்கள் பெருகும், வேலை முடிந்ததும் பெரும்பாலானவை மடிந்துவிடும். இங்கே தாக்கப்படுவது சொந்த உடல் என்பதால் தூண்டுதல் ஓய்வதே இல்லை. ஓயாமல் பிரியும் செல்களில் ஒன்றுக்கு ஸ்டாட்3 மரபணுவில் பிழை விழுந்தால், அதன் சந்ததி மடிய மறுக்கும். லார்ஜ் கிரானுலர் லிம்போசைட் லுக்கீமியா (இந்தச் செல்களின் ரத்தப் புற்றுநோய்) உள்ளவர்களில் சுமார் 40 சதவீதத்தினரிடம் இந்தப் பிழை இருப்பதாக 2012-இல் ஓர் ஆய்வு காட்டியது. முடக்குவாதம், பெரிதான மண்ணீரல், நியூட்ரோஃபில் குறைவு மூன்றும் சேர்ந்த ஃபெல்டி நோய்க்குறி 1924-இலேயே விவரிக்கப்பட்டது; அவர்களில் சிலரிடமும் இதே பிழை உண்டு. அந்த லுக்கீமியாவுக்கும் ஃபெல்டிக்கும் நடுவே தெளிவான கோடு போடுவது கடினம்.

பெயரில் லுக்கீமியா இருந்தாலும் இது பெரும்பாலும் மெதுவாக நகரும் நோய். பலருக்கு உடனே சிகிச்சையே தேவைப்படாது, கண்காணித்தால் போதும். தேவைப்பட்டால் கொடுக்கும் முதல் மருந்துகளில் ஒன்று, நீங்கள் நிறுத்த நினைக்கும் அதே மெத்தோட்ரெக்சேட்தான், வாரம் ஒருமுறை, குறைந்த அளவில்.

அதனால் நீங்களாக நிறுத்த வேண்டாம். அதேசமயம், மெத்தோட்ரெக்சேட்டே நியூட்ரோஃபிலைக் குறைக்கவும் கூடும். அடுத்த டோஸ் போடும் நாளுக்கு முன்பே மூட்டுவாத மருத்துவரிடம் ரிப்போர்ட்டைக் காட்டுங்கள். தொடர்வதா, இடைநிறுத்துவதா என்பதை அவர் முடிவு செய்யட்டும். பழைய ரிப்போர்ட்டுகளையும் கொண்டுபோங்கள். எப்போதிலிருந்து குறைகிறது என்பது இன்றைய எண்ணைவிட அதிகம் சொல்லும்.

லிம்போமா, அதாவது நிணநீர்ப் புற்றுநோய் பற்றிய பயமும் இருக்கும். முடக்குவாதக்காரர்களுக்கு அந்த அபாயம் மற்றவர்களைப் போல் ஏறக்குறைய இரு மடங்கு என்பது உண்மை. ஆனால் 2006-இல் வந்த பெரிய சுவீடன் ஆய்வில் அபாயத்தோடு வலுவாகப் பொருந்தியது மருந்து அல்ல, வருடக்கணக்கில் அடங்காத அழற்சி. கழுத்திலோ அக்குளிலோ கரையாத கட்டி, இரவில் உடை நனையும் வியர்வை, காரணமில்லாத எடைக் குறைவு இருந்தால் சொல்லுங்கள்.

நியூட்ரோஃபில் ஒரு மைக்ரோலிட்டருக்கு 500-க்குக் கீழே போய், காய்ச்சல் 38 டிகிரி செல்சியஸைத் தொட்டால் மட்டும் அப்பாயிண்ட்மெண்ட் வரை காத்திருக்காதீர்கள். இரவானாலும் அவசர சிகிச்சைப் பிரிவுக்கு அழைத்துப் போங்கள், நியூட்ரோஃபில் குறைவு என்பதை வாசலிலேயே சொல்லிவிடுங்கள்.