தராசுக்கு முன்னால் நின்று சண்டை போடும் உரிமை

*அன்புள்ள ஐயா,*

*வளர்ச்சிப் பொருளாதாரத்தில் முதுகலை இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். வறுமையையும் சமூக விலக்கத்தையும் உலக அமைப்புகள் கையாளும் விதத்தையும் வட்டார அரசுகள் கையாளும் விதத்தையும் ஒப்பிட்டு ஆய்வேடு எழுதுகிறேன். உலக வங்கியின் டாலர் கணக்கு, ஐ.நா.வின் பல்பரிமாண வறுமைக் குறியீடு, ஐரோப்பிய ஒன்றியத்தின் முறை, தமிழ்நாட்டுத் திட்டங்கள், இவற்றில் எதை முன்மாதிரியாகக் கொள்வது? இன்னொன்று. இங்கே கார் வைத்திருப்பவர்களும் ரேஷன் அரிசி வாங்குகிறார்கள். உண்மையான ஏழைகளை மட்டும் கண்டறிந்து கொடுத்தால் அதே பணத்தில் அவர்களுக்கு இரண்டு மடங்கு கொடுக்கலாம் அல்லவா? இலவசங்கள் மக்களைச் சோம்பேறிகளாக்கும் என்ற வாதத்தையும் சேர்க்கச் சொல்கிறார் என் வழிகாட்டி.*

*க. ர., திருச்சி*

அன்புள்ள க. ர.,

நல்ல கடிதம். உங்கள் வயதில் இதையெல்லாம் யோசிக்கிறவர்கள் குறைவு, அதனால்தான் உடனே எழுத உட்கார்ந்தேன். சில மாதங்களாக நானும் இதையேதான் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

முதலில் சோம்பேறி வாதம். மாதம் 20 கிலோ அரிசி வாங்குகிற குடும்பம் வேலைக்குப் போகாமல் படுத்துவிடும் என்று நம்புகிறவர், அந்த 20 கிலோவை வைத்து எத்தனை நாள் அடுப்பு எரியும் என்று ஒருநாளும் கணக்குப் போட்டதில்லை. உங்கள் வழிகாட்டியிடம் இதை நான் சொன்னதாகவே சொல்லுங்கள். இதற்கு மேல் அந்த வாதத்துக்கு இடம் கொடுக்க மாட்டேன்.

அப்புறம் உங்கள் பட்டியல். உலக வங்கியின் வறுமைக்கோடு 1990-ல் நாளுக்கு ஒரு டாலரில் தொடங்கி, விலைவாசிக்கேற்பத் திருத்தித் திருத்தி 2025-ல் மூன்று டாலருக்கு வந்திருக்கிறது. ஐரோப்பாவில் நாட்டின் இடைநிலை வருமானத்தில், அதாவது வருமான வரிசையில் சரிநடுவில் நிற்பவரின் வருமானத்தில், 60 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் வறுமை அபாயம் என்கிறார்கள். பல்பரிமாணக் குறியீடு 2010-ல் வந்தது, கழிப்பறை, சமையல் எரிபொருள், பள்ளிப் படிப்பு என்று பார்க்கிறது. எல்லாம் தேவையானவைதான். ஆனால் இவை அளக்கும் முறைகள். அளந்து முடித்தபின் யாருக்கு, எந்த வாசலில் வைத்து, எப்படிக் கொடுப்பது என்பது வேறு கேள்வி. நீங்கள் இரண்டையும் ஒரே பட்டியலில் போட்டிருக்கிறீர்கள். இரண்டாம் ஆண்டு மாணவர் இதைச் செய்யக்கூடாது.

இப்போது அந்தக் காருக்கு வருகிறேன். எனக்கு உண்மையிலேயே கோபம் வந்த இடம் அதுதான்.

எண்பதுகளில் நான் ஆறாம் வகுப்புப் படித்தபோது, விடுதியில் சேர வருமானச் சான்றிதழ் கேட்டார்கள். அம்மா என்னையும் அழைத்துக்கொண்டு போனாள். அந்த அலுவலகம் வருவதற்கு முன்னாலேயே புளியமரத்தடியில் நின்று, காதில் கிடந்த தோட்டைக் கழற்றி முந்தானையில் முடிந்துகொண்டாள். அரைக்கால் பவுன்கூட இருக்காது, தாத்தா போட்டது. தோட்டோடு போனால் வசதியானவள் என்று எழுதிவிடுவார்களாம். உள்ளே பத்துப் பேர் முன்னிலையில், புருஷன் என்ன செய்கிறார், பணம் அனுப்புகிறாரா, அனுப்பாவிட்டால் எப்படிச் சாப்பிடுகிறீர்கள் என்று கேட்டார்கள். அம்மா தலையைக் குனிந்தே பதில் சொன்னாள். அன்று கிடைக்கவில்லை, மறுபடி வரச் சொன்னார்கள்.

அதே அம்மா ரேஷன் கடையில் வேறு ஆள். தோடு காதில் இருக்கும். எங்கள் தெரு வாத்தியார் வீட்டு அம்மாவும் அதே வரிசையில் சீனிக்கு நிற்பார்கள். மண்ணெண்ணெய் அளவில் நுரை நின்றால் "அண்ணே, நுரை அடங்கட்டும், அப்புறம் ஊத்துங்க" என்று சத்தம் போடுவாள், வாத்தியார் வீட்டு அம்மாவும் கூடச் சேர்ந்துகொள்வார்கள். எடை போடுகிறவர் முணுமுணுத்துக்கொண்டே சரியாக அளப்பார். அங்கே அம்மா யாரிடமும் தன் வறுமையை நிரூபிக்க வேண்டியிருக்கவில்லை. அட்டை இருந்தது, பொருள் அவளுடையது, அதனால் அவளால் சண்டை போட முடிந்தது.

வசதியானவர்களும் அந்தக் கடைக்கு வருவதை நீங்கள் ஒழுகலாக, பணம் வீணாகும் ஓட்டையாகப் பார்க்கிறீர்கள். நான் அதைக் காவல் என்கிறேன். கடை திறக்கவில்லை என்றால் தாலுகா அலுவலகத்துக்குப் போன் போடத் தெரிந்தவர்கள், புழுத்த அரிசி வந்தால் பத்திரிகைக்காரரைக் கூப்பிடத் தெரிந்தவர்கள் அதே வரிசையில் நிற்கும்வரைதான் அந்த வரிசைக்கு மரியாதை. அவர்களை வெளியே அனுப்பிவிட்டால் மிஞ்சுவது ஏழைகளுக்கு மட்டுமான கடை, அதில் அரிசி எப்படி இருக்கும் என்று நான் சொல்லவேண்டியதில்லை.

இது என் வீட்டுக் கதை மட்டும் இல்லை. 1997-ல் இந்திய அரசு, உலகம் முழுக்க அப்போது ஓதப்பட்ட பாடத்தின்படி, ரேஷனை வறுமைக்கோட்டுக்குக் கீழே, மேலே என்று பிரித்தது. நீங்கள் சொன்ன அதே நியாயம்தான், உண்மையான ஏழைக்கு மட்டும். எட்டு ஆண்டு கழித்து, 2005-ல், அந்த அரசின் திட்டக் குழுவே மதிப்பிட்டுப் பார்த்து என்ன சொன்னது தெரியுமா? மானிய தானியத்தில் சுமார் 58 சதவீதம் வறுமைக்கோட்டுக்குக் கீழே உள்ள குடும்பங்களைச் சென்றடையவில்லை. ஏழையைத் தேடிப் பிடிக்கிறேன் என்று கிளம்பியவர்கள் ஏழையைத்தான் தவறவிட்டார்கள். பட்டியல் தயாரிக்கிற அதிகாரம் கையில் வந்ததும் ஊரில் செல்வாக்கு உள்ளவன் தன் பெயரை முதலில் எழுதிக்கொள்கிறான், கணவனை இழந்தவளும் ஊர்விட்டு ஊர் பிழைக்கப் போனவனும் விடுபட்டுப்போகிறார்கள். தமிழ்நாடு அன்று பிரிக்க மறுத்தது. அரிசி வேண்டாம் என்பவர்கள் சர்க்கரை அட்டையாக மாற்றிக்கொள்ளலாம் என்று விட்டது. விலகுவது வசதியானவரின் விருப்பம், நிரூபிப்பது ஏழையின் கடமை இல்லை. இந்த ஒரு வித்தியாசத்தை வைத்தே நீங்கள் ஓர் அத்தியாயம் எழுதலாம்.

இரண்டு மடங்கு கொடுக்கலாம் என்கிறீர்களே, அந்தக் கணக்கும் காகிதத்தில்தான் நிற்கும். கோர்ப்பி, பால்மே என்ற இரண்டு ஸ்வீடன் ஆய்வாளர்கள் 1998-ல் பணக்கார நாடுகளை ஒப்பிட்டு, ஏழைகளுக்கு மட்டும் என்று சுருக்கிய நாடுகளைவிட எல்லோருக்கும் என்று விரித்த நாடுகளே வறுமையை அதிகம் குறைத்திருந்தன என்று காட்டினார்கள். தனக்கு ஒன்றும் கிடைக்காத திட்டத்துக்கு நடுத்தர வர்க்கம் வரி கொடுக்க விரும்பாது, ஒதுக்கீடு வருஷா வருஷம் சுருங்கும்.

வட்டாரத்துக்கும் உலகத்துக்கும் நடுவே நீங்கள் போடும் கோடும் அவ்வளவு நேரானது இல்லை. மெக்ஸிகோ 1997-ல் தொடங்கிய நிபந்தனை உதவித்தொகை ஒரு நாட்டின் சோதனைதான், அதை உலக வங்கி எடுத்து ஊர் ஊராகப் பரப்பியது. பிள்ளை பள்ளிக்குப் போயிருக்க வேண்டும், தாய் சுகாதார வகுப்புக்கு வந்திருக்க வேண்டும், அப்போதுதான் பணம். பிள்ளைகள் பள்ளியில் நின்றார்கள், அதை மறுக்கமாட்டேன். ஆனால் நல்ல தாய் என்று அவள் ஒவ்வொரு முறையும் யாருக்கோ காட்டவேண்டியிருந்தது. 1982-ல் உங்கள் திருச்சிக்குப் பக்கத்தில் பாப்பாக்குறிச்சியில் எம்.ஜி.ஆர். தொடங்கிய சத்துணவில் அப்படி ஒரு கேள்வியும் கிடையாது, தட்டோடு உட்கார்ந்தால் சோறு. சமைத்த உணவு நாடு முழுக்கப் போக 2001-ல் உச்ச நீதிமன்றம் ஆணையிட வேண்டியிருந்தது.

இதைப் படித்துவிட்டு தமிழ்நாடு வாழ்க என்று ஆய்வேட்டை முடித்துவிடாதீர்கள். நீங்களே கேட்ட சமூக விலக்கம் இங்கேதான் இருக்கிறது. 2018-ல் அவிநாசி பக்கம் ஒரு பள்ளியில், தலித் பெண் சமைத்த சத்துணவைத் தங்கள் பிள்ளைகள் சாப்பிடக் கூடாது என்று சாதி இந்துக்கள் திரண்டார்கள், அந்த அம்மாவை அதிகாரிகள் இடம் மாற்றினார்கள், எதிர்ப்பு கிளம்பியபின்தான் உத்தரவைத் திரும்பப் பெற்றார்கள். எல்லோருக்கும் சோறு என்ற திட்டம் கரண்டியை யார் பிடிப்பது என்ற கேள்வியைத் தானாகத் தீர்த்துவிடாது. அதற்குச் சட்டம் வேண்டும், வழக்கு வேண்டும், அந்தப் பள்ளியில் தன் பிள்ளையை உட்காரவைத்துச் சாப்பிடச் சொல்லும் பெற்றோர் வேண்டும்.

நாமும் மெல்ல, ஏழை என்று நிரூபிக்கச் சொல்லும் பக்கம் சாய்கிறோம் என்பதுதான் என் கவலை. 2021-லிருந்து நகரப் பேருந்தில் பெண்கள் கட்டணமின்றிப் போகிறார்கள், யாரும் வருமானம் கேட்பதில்லை. 2023-ல் வந்த மகளிர் உரிமைத் தொகைக்கோ ஆண்டு வருமானம் இரண்டரை லட்சத்துக்குள் இருக்கவேண்டும், மின்சாரம் ஆண்டுக்கு 3,600 யூனிட்டைத் தாண்டக்கூடாது, நிலத்துக்கும் வரம்பு. ஒரு கோடிக்கு மேற்பட்ட பெண்களுக்கு மாதம் ஆயிரம் ரூபாய் போகிறது, பெரிய காரியம், மனதார வரவேற்கிறேன். ஆனால் பெயரில் உரிமை என்று வைத்துவிட்டு வாசலில் ஏன் மீட்டரைப் படிக்கவேண்டும்? மாமியார், இரண்டு மருமகள்கள், ஒரே மீட்டர் என்று இருக்கும் வீட்டில் அந்த 3,600 யூனிட் யாருடையது?

எதை முன்மாதிரியாகக் கொள்வது என்று கேட்டிருந்தீர்கள். முன்மாதிரி தேடுவதை விடுங்கள். ஒரு நாள் ஏதாவது ஒரு ரேஷன் கடையில் காலையிலிருந்து நில்லுங்கள், இன்னொரு நாள் வருமானச் சான்றிதழுக்கு ஆட்கள் காத்திருக்கும் ஓர் அலுவலகத்தில் நில்லுங்கள். யார் சத்தமாகப் பேசுகிறார்கள், யார் பேசுவதில்லை என்று குறித்துக்கொள்ளுங்கள். ஆய்வேட்டின் முதல் வரைவை எனக்கு அனுப்புங்கள், படிக்கிறேன்.

அன்புடன்.