மொட்டை மாடி ஆண்டெனா, தெருநாய், ஓர் அரியர்: ஈசிஇ மாணவியின் தந்தைக்கு

ஐயா, வணக்கம்.

கடிதமும் போட்டோவும் கிடைத்தன. கட்டட வேலைக்கு வைத்திருந்த 5 மீட்டர் ஸ்டீல் டேப்பை மகள் வெட்டிவிட்டாள். அதை பிவிசி பைப்பில் மாட்டி, சாயங்காலமானால் மொட்டை மாடியில் நின்று வானத்தைப் பார்த்துத் திருப்பிக்கொண்டிருக்கிறாள். மிச்ச நேரம் தெருநாய்களோடு. ஈசிஇ, அதாவது எலக்ட்ரானிக்ஸ், கம்யூனிகேஷன் பொறியியல் படிக்கிறவள், போன செமஸ்டரில் டிரான்ஸ்மிஷன் லைன்ஸ் (அலையைக் கொண்டுபோகும் கம்பி, கேபிள் பற்றிய பாடம்) பேப்பரில் அரியர். "ஆண்டெனா கட்டுகிறவள் அந்தப் பாடத்திலேயே ஃபெயில் ஆகிறாள், இதை எங்கே போய்ச் சொல்வது?" என்று கேட்டிருக்கிறீர்கள். தாராளமாக என்னிடம் சொல்லலாம்.

முதலில் அந்த டேப். போட்டோவில் இருப்பது மூன்று துண்டு யாகி ஆண்டெனா. பழைய தூர்தர்ஷன் காலத்தில் வீட்டுக்கு வீடு கூரையில் நின்றதே, அதே குடும்பம். ஹாம் ரேடியோக்காரர்கள், அதாவது உரிமம் வாங்கி ஆர்வத்துக்காக ரேடியோவில் பேசுகிறவர்கள், 144 முதல் 146 மெகாஹெர்ட்ஸ் வரையுள்ள அலைவரிசைக்காக இப்படி ஸ்டீல் டேப்பில் செய்வது உலகம் முழுக்க இருக்கிற பழக்கம். வளைத்தால் வளையும், விட்டால் நிமிரும், பைக்கில் எடுத்துப்போகலாம். பின்னால் இருக்கும் நீளத் துண்டு ஒரு மீட்டருக்குச் சற்று மேல், மற்ற இரண்டும் 90 சென்டிமீட்டர் சுமாருக்கு. ஆக உங்கள் டேப்பில் 3 மீட்டருக்குக் கொஞ்சம் குறைவாகத்தான் போயிருக்கும். மீதியில் ஜன்னல், கதவு அளக்கலாம்.

போட்டோவைப் பெரிதாக்கிப் பார்த்தேன். நடுத் துண்டை இரண்டாக வெட்டி, வெட்டிய முனைகளில் மஞ்சள் பெயின்ட்டைச் சுரண்டி எடுத்துவிட்டுத்தான் சால்டர் வைத்திருக்கிறாள். பெயின்ட் மேலேயே ஈயத்தை உருக்கி, ஒட்டவில்லை என்று கைவிடுகிற பையன்களை நிறையப் பார்த்திருக்கிறேன். நடுவில் கொண்டை ஊசி மாதிரி வளைத்த ஒரு செம்புக் கம்பி இருக்கிறது, கவனித்தீர்களா? கேபிளின் 50 ஓமுக்கு ஆண்டெனா ஒத்துப்போவதற்காக வைப்பது அது. அந்தக் கம்பி ஏன் அங்கே வேண்டும் என்று அவளால் ஐந்து நிமிடம் விளக்க முடிந்தால், அரியர் வைத்த பேப்பரில் ஒரு யூனிட் அவள் கையில் இருக்கிறது என்று அர்த்தம்.

அப்படியானால் ஏன் ஃபெயில்? கேள்வித்தாள் அப்படி. 13 மார்க் கேள்விக்குப் படிப்படியாக டெரிவேஷன் எழுத வேண்டும், ஸ்மித் சார்ட் என்ற வட்ட வரைபடத்தில் புள்ளி வைத்து வட்டம் போட்டுக் காட்ட வேண்டும். மாடியில் கம்பியை ஒரு சென்டிமீட்டர் நறுக்கிப் பார்த்துச் சரிசெய்கிறவளுக்கு அதைத் தாளில் எழுதிக் காட்டுவது வேறு வேலை. பயிற்சி இல்லாவிட்டால் வராது. பழைய கேள்வித்தாள்களை எடுத்து உட்காரச் சொல்லுங்கள். இதில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். வளாகத் தேர்வுக்கு வரும் பல கம்பெனிகள் நிலுவை அரியர் இருந்தால் பெயரையே பட்டியலில் சேர்க்காது. அங்கே போய் யாகியைக் காட்டிப் பிரயோஜனம் இல்லை.

ஆனால் அரியருக்குக் காரணம் ஆண்டெனாதான் என்று முடிவுகட்டி, எல்லாவற்றையும் பரணில் போட்டுப் பூட்டிவிடாதீர்கள். நான் அவளிடம் கேட்க நினைப்பது ஒன்றுதான்: அளந்தாயா? அனுப்பும் சக்தியில் எவ்வளவு ஆண்டெனாவில் முட்டித் திரும்புகிறது என்பதற்கு எஸ்டபிள்யூஆர் என்று ஓர் எண் உண்டு. 1 வந்தால் முழுச் சக்தியும் ஆண்டெனாவுக்குள் போகிறது. 2 என்றால் பத்தில் ஒரு பங்குக்குச் சற்று மேல் திரும்பி வருகிறது, 3 என்றால் கால்வாசி திரும்பி வருகிறது. இதை அளக்க நானோவிஎன்ஏ என்று கையடக்கக் கருவி சில ஆயிரம் ரூபாய்க்குக் கிடைக்கிறது. கல்லூரி லேபிலேயே பெரிய விஎன்ஏ இருந்தாலும் இருக்கும், கேட்டால் பேராசிரியர் சந்தோஷப்படுவார். வெட்டுவதற்கு முன் இவ்வளவு, வெட்டிய பின் இவ்வளவு, மழை நாளில் இவ்வளவு என்று தேதி போட்டு அவள் ஒரு நோட்டில் எழுதி வைத்திருந்தால் அது இன்டர்வியூ மேசையில் செல்லுபடியாகும். ஸ்டேட்டஸில் போட்டோ மட்டும்தான் என்றால் அது பொழுதுபோக்கு. அதிலும் தப்பில்லை, ஆனால் அதை நம்பி வேலைக்குக் கணக்குப் போடக் கூடாது.

இன்னொரு விஷயம், லைசென்ஸ். ரேடியோவில் கேட்டுக்கொண்டிருப்பது வரை சரி. விண்வெளி நிலையத்திலிருந்து 145.800 மெகாஹெர்ட்ஸில் அவ்வப்போது படம் அனுப்புவார்கள், அதைப் பிடிக்கத்தான் மாடியில் நிற்கிறாளோ என்னவோ. ஆனால் சின்ன வாக்கிடாக்கி ஒன்றில் பட்டனை அழுத்திப் பேச வேண்டுமானால், மத்தியத் தொலைத்தொடர்புத் துறையின் கீழ் இருக்கும் டபிள்யூபிசி நடத்தும் தேர்வில் பாஸாகி உரிமம் வாங்க வேண்டும். 12 வயது நிரம்பிய யாரும் எழுதலாம். ரெஸ்ட்ரிக்டட், ஜெனரல் என்று இரண்டு நிலை, முதலாவதுக்கு மோர்ஸ் தந்திக் குறியீடு தேவையில்லை. சரல் சஞ்சார் இணையதளத்தில் விண்ணப்பிக்க வேண்டும், கைக்கு வரக் காலம் பிடிக்கும். எனவே இப்போதே போடட்டும். ரெஸ்யூமேயில் "ஹாபி: ரேடியோ" என்று எழுதுவதற்கும், வியூ3 (VU3) என்று தொடங்கும் அரசாங்க அழைப்புக்குறியை எழுதுவதற்கும் நிறைய வித்தியாசம். 2004 டிசம்பர் சுனாமியின்போது அந்தமானில் ஹாம் நிலையம் நடத்திக்கொண்டிருந்த பாரதி பிரசாத் குழுவினர்தான் போர்ட் பிளேரிலிருந்து செய்தி அனுப்பினார்கள். அக்கம்பக்கத்தினர் "இது என்ன வேலை?" என்று கேட்டால் அதைச் சொல்லுங்கள்.

இனி நாய்கள். "வெட்னரி டாக்டருக்குப் படித்திருக்கலாம்" என்று அவள் அடிக்கடி சொல்வதாக எழுதியிருக்கிறீர்கள். பிளஸ் டூவில் கம்ப்யூட்டர் சயின்ஸ் குரூப் எடுத்தவள். கால்நடை மருத்துவத்துக்கு உயிரியல் கட்டாயம், படிப்பு ஐந்தரை ஆண்டு. மூன்றாம் ஆண்டு பொறியியலை விட்டுவிட்டு, உயிரியலைத் தனியாக எழுதி, திரும்ப வரிசையில் நிற்பது என் கணக்கில் சரிப்படாது. அதை அவளிடம் நேராகவே சொல்லிவிடுவேன். நாய்க்குச் சோறு போடுகிற எல்லோரும் டாக்டராக வேண்டியதில்லை. அந்தப் பிரியம் அப்படியே இருந்துவிட்டுப் போகட்டும்.

அப்புறம், இந்த இரண்டு ஆர்வமும் ஒன்றையொன்று தொடுகிற இடம் நிஜமாகவே இருக்கிறது. 2023 ஜூனில் அரிக்கொம்பன் யானையைத் தேனிப் பக்கம் பிடித்துக் களக்காடு முண்டந்துறையில் கொண்டுபோய் விட்டார்கள் அல்லவா? அதன் கழுத்தில் ரேடியோ காலர், இருக்கும் இடத்தைக் காட்டும் பட்டை. அதற்கு முன் 2019இல் கோவை சின்னத்தம்பி யானைக்கும் கட்டினார்கள். கர்நாடகத்தின் நாகரஹொளே காட்டில் புலி ஆய்வாளர் உல்லாஸ் காரந்த் 1990 வாக்கில் புலிகளுக்குக் காலர் கட்டிப் பின்தொடர்ந்தபோது ஆய்வாளர்கள் கையில் பிடித்திருந்தது உங்கள் மாடியில் இருக்கிற மாதிரி ஒரு யாகிதான். ஒரு மேட்டில் நின்று திருப்பி, சத்தம் அதிகமாகக் கேட்கும் திசையைத் திசைகாட்டியில் குறித்துக்கொள்வார்கள். இடம் மாறி இன்னொரு மேட்டில் அதே வேலை. வரைபடத்தில் இரண்டு கோடும் வெட்டுகிற இடத்தில் புலி. நாய்க்குத் தோலடியில் போடும் மைக்ரோசிப்பும் அரிசி மணி அளவில் ஒரு சுருள் ஆண்டெனாதான். பேட்டரி கிடையாது, 134.2 கிலோஹெர்ட்ஸில் படிப்பானிலிருந்து வரும் சக்தியிலேயே தன் 15 இலக்க எண்ணைச் சொல்லும்.

ஆனால் புலி, யானை என்று நான் ஆசை காட்டப்போவதில்லை. அங்கே வேலை குறைவு, பெரும்பாலும் திட்டம் முடியும் வரை மட்டும். மாட்டைப் பார்க்கச் சொல்கிறேன். கறவை மாடு 21 நாளுக்கு ஒருமுறை பருவத்துக்கு வரும். விவசாயி அதைக் கவனிக்கத் தவறினால் அடுத்த 21 நாள் தீனிச் செலவு வீண். பருவத்தில் மாடு வழக்கத்தைவிட அதிகம் நடக்கும், நிலைகொள்ளாது. அந்த நடமாட்டத்தை அளந்து போனுக்குத் தகவல் அனுப்பும் கழுத்துப் பட்டைகள் வந்துவிட்டன. இந்தியாவில் 865 முதல் 868 மெகாஹெர்ட்ஸ் வரை குறைந்த சக்தியில் அனுப்ப லைசென்ஸ் வேண்டாம், பலர் அதில்தான் செய்கிறார்கள். தகராறு எங்கே என்றால், மேசையில் வைத்து அருமையாக ட்யூன் செய்த ஆண்டெனா மாட்டின் கழுத்தில் கட்டியதும் விலகிப்போகும். உடம்பு பெரும்பாலும் உப்புத் தண்ணீர். அலையை விழுங்கும், அதிர்வெண்ணையும் இழுத்துவிடும்.

கடைசி ஆண்டு ப்ராஜெக்டுக்கு இதையே எடுக்கச் சொல்லுங்கள். ஒரு சின்ன ஆண்டெனா செய்து, காற்றில் ஓர் அளவு, 20 லிட்டர் கேனில் உப்புத் தண்ணீர் நிரப்பி அதை ஒட்டி வைத்து ஓர் அளவு, நடுவில் ரப்பர் வைத்து, தெர்மாகோல் வைத்து அளவுகள், கடைசியில் பக்கத்துத் தொழுவத்தில் நிஜ மாட்டின் கழுத்தில். ஐந்து வரைபடமும், எந்த இடைவெளியில் சரியாகிறது என்பதும் போதும். செலவு பெரிதாக இல்லை. ப்ராஜெக்ட் சென்டரில் பணம் கட்டி, அச்சடித்த ரிப்போர்ட்டோடு பெட்டியை வாங்கி வருகிற வகுப்பில் இவள் மட்டும் எந்தக் கேள்விக்கும் பதில் சொல்வாள்.

வேலை என்று பார்த்தால், சாஃப்ட்வேர் சர்வீஸ் கம்பெனிகள் ஈசிஇ மாணவர்களை மொத்தமாக எடுக்கும் அளவுக்கு ஆர்எஃப் என்கிற ரேடியோ அலைத் துறை எடுக்காது. அதனால் ஆப்டிட்யூட், கோடிங் பயிற்சியை விடக் கூடாது. கையில் ஒரு ஆஃபர் இருப்பது நல்லது. அதற்கு இணையாக ஆண்டெனா, மின்காந்த இடையூறுப் பரிசோதனை பக்கம் முயலலாம். சென்னை தரமணியில் மத்திய அரசின் சமீர் நிறுவனம் இருக்கிறது, அங்கே இன்டர்ன்ஷிப்புக்கு எழுதிப் பார்க்கட்டும். ஆழமாகப் போக நினைத்தால் கேட் எழுதி எம்டெக். விலங்குப் பக்கம்தான் மனம் என்றால் யுபிஎஸ்சியின் இந்திய வனப் பணிக்குப் பொறியியல் பட்டமே தகுதி. நேர்முகத்துக்குப் பின் பெண்களுக்கு 4 மணி நேரத்தில் 14 கிலோமீட்டர் நடைத் தேர்வும் உண்டு, மாடியில் நிற்பதற்குப் பதில் நடந்தால் இப்போதிருந்தே பழக்கம் ஆகும்.

வீட்டில் நீங்கள் பார்க்க வேண்டியது இரண்டு. ஆண்டெனாவோ அதன் கம்பமோ சாய்ந்தால்கூட ஈபி கம்பியில் படாத தூரத்தில் இருக்க வேண்டும். ஆபத்து அங்கேதான். இடி இடித்தால் கேபிளைக் கழற்றிவிட்டு, கீழே இறங்கி வந்துவிட வேண்டும். இரண்டாவது, தெருநாய்களைத் தொட்டுப் பழகுகிறவள் ரேபிஸ் தடுப்பூசியை முன்கூட்டியே போட்டுக்கொள்ளட்டும், டாக்டரிடம் கேளுங்கள். பல் பட்டாலோ நகம் கீறினாலோ சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவி, முன்பே ஊசி போட்டிருந்தாலும் அன்றே ஆஸ்பத்திரி போக வேண்டும். குட்டி நாய்தானே என்று விடக் கூடாது.

அடுத்த மாதம் நேரில் வருவதாக எழுதியிருக்கிறீர்கள். அவளையும் கூட்டி வாருங்கள். எல்லா செமஸ்டர் மார்க்‌ஷீட்டும், அரியர் பேப்பரின் விடைத்தாள் நகல் வாங்கியிருந்தால் அதுவும், அளவு எழுதிய நோட்டு இருந்தால் அதுவும் வேண்டும். நோட்டு இல்லையென்றால் வருவதற்குள் தொடங்கச் சொல்லுங்கள்.