தையல் கேள்வி-பதில்: குவில்ட் குழுவில் கட்டங்களை மாற்றிக்கொள்ளும்போது

ஒட்டுத்துணிப் போர்வையான குவில்ட் தைப்பவர்களின் குழுக்களான கில்டுகளில் சேர்ந்து சிறு சிறு வேலைகளைத் தைத்துப் பரிமாறிக்கொள்ளும் வாசகிகளின் கேள்விகள் இம்முறை.

கேள்வி: ஸ்கார்பரோவில் எங்கள் பகுதி கில்டில் சேர்ந்திருக்கிறேன். பன்னிரண்டு பேர், ஆளுக்குப் பன்னிரண்டு காற்றாடிக் கட்டம் தைத்து மாற்றிக்கொள்கிறோம். அளவு 6½ அங்குலம் என்று கொடுத்திருக்கிறார்கள். அளந்துதான் வெட்டுகிறேன், ஆனாலும் கட்டம் 6¼ அங்குலம்தான் வருகிறது. எங்கே தப்புகிறது?

பதில்: உங்கள் கணக்கே விடையைச் சொல்லிவிடுகிறது. காற்றாடிக் கட்டத்தில் இருப்பவை நான்கு முக்கோணச் சதுரங்கள், அதாவது இரண்டு முக்கோணம் சேர்ந்த சதுரங்கள். அந்த நான்கும் சரியாக 3½ அங்குலம் இருந்தன என்றால், கட்டத்தின் குறுக்கே இருப்பது ஒரே ஒரு தையல். அந்த ஒரு தையலில் கால் அங்குலம் காணாமல் போயிருக்கிறது. அதாவது இரண்டு துண்டிலும் அரைக்கால் அங்குலம் கூடுதலாகப் பிடித்திருக்கிறீர்கள். கால் அங்குலத்துக்குப் பதில் ⅜ அங்குலம் விட்டுத் தைக்கிறீர்கள்.

பெரும்பாலும் இதற்குக் காரணம் இயந்திரத்தின் பாதம். சாதாரண ஜிக்ஜாக் பாதத்தின் ஓரத்தைத் துணி ஓரத்தோடு ஒட்டி ஓட்டினால் பல இயந்திரங்களில் கால் அங்குலத்துக்கு மேல் போய்விடும். கால் அங்குலப் பாதம் தனியாகக் கிடைக்கிறது, வாங்கிவிடுங்கள். அதுவரை ஒரு வழி: ஊசிக்கு அடியில் அளவுகோலை வைத்து, அதன் கால் அங்குலக் கோட்டில் ஊசி முனை தொடும்படி கையால் சக்கரத்தைத் திருப்பி இறக்குங்கள். அளவுகோலின் வலது ஓரத்தை ஒட்டி, இயந்திரத்தின் தட்டில் மாஸ்கிங் டேப்பை நாலைந்து அடுக்கு ஒட்டுங்கள். துணியை நகர்த்தும் பல் தகட்டை டேப் மூடக் கூடாது. இனி துணி அந்தத் திட்டை உரசியபடி போகட்டும்.

பிறகு சோதனை. 1½ அங்குல அகலத்தில் மூன்று பட்டைகள் வெட்டி அடுத்தடுத்துத் தைத்து இஸ்திரி போடுங்கள். மொத்த அகலம் 3½, நடுப்பட்டை சரியாக 1 அங்குலம் இருக்க வேண்டும். நடுப்பட்டை ஒடுங்கினால் ஊசியை ஒரு மயிரிழை வலப்பக்கம் தள்ளுங்கள். தையலில் துணி மடியும் இடம் கொஞ்சம் அளவைத் தின்னும். அதனால் கால் அங்குலத்துக்கு ஒரு நூலிழை அளவு குறைவாகத் தைத்தால்தான் கணக்குக் கச்சிதமாக வரும்.

முக்கோணச் சதுரத்துக்கு 3⅞ அங்குலத் துண்டு வெட்டச் சொல்லும் குறிப்புகள் உண்டு. பரிமாற்றத்துக்கு அது வேண்டாம், 4 அங்குலமாக வெட்டுங்கள். வெளிர் நிறச் சதுரத்தையும் அடர் நிறச் சதுரத்தையும் நல்ல பக்கம் உள்ளே இருக்கும்படி சேர்த்து, மூலைக்கு மூலை கோடு போடுங்கள். கோட்டின் இரு பக்கமும் கால் அங்குலம் விட்டுத் தைத்துக் கோட்டில் வெட்டினால் ஏறக்குறைய 3⅝ அங்குலத்தில் இரண்டு சதுரம் கிடைக்கும். அளவுகோலின் 45 டிகிரிக் கோட்டைத் தையல்மேல் பொருத்தி 3½ ஆக வெட்டிக்கொள்ளுங்கள். வெட்டுவதற்கு முந்தைய பிசகு எல்லாம் இந்த இடத்தில் சரியாகிவிடும், அதனால் சலிப்பாக இருந்தாலும் விட்டுவிடாதீர்கள். மூலைவிட்டத் தையல் துணியின் கிராஸில் போகிறது. இஸ்திரிப் பெட்டியை இழுத்துத் தேய்த்தால் சதுரம் சாய்சதுரமாகிவிடும். வைத்து அழுத்தி, தூக்கி, அடுத்த இடத்தில் வையுங்கள். மடிப்புகளை அடர் நிறப் பக்கம் சாய்த்தால் நடுவில் தையல்கள் எதிரெதிராகப் பொருந்தும். கடைசித் தையலை மட்டும் விரித்து அழுத்துங்கள்; இல்லையென்றால் நடுப்புள்ளி புடைத்து நிற்கும்.

பன்னிரண்டு கட்டத்துக்கு 24 வெளிர், 24 அடர் சதுரங்கள் தேவை. 42 அங்குலம் பயன்படும் அகலமுள்ள துணியில் 4 அங்குலப் பட்டை ஒன்றுக்குப் பத்துச் சதுரம். ஒவ்வொரு நிறத்திலும் மூன்று பட்டை, அதாவது 12 அங்குலத் துணி போதும். அரை மீட்டர் வாங்கினால் கெட்டுப்போகும் ஒன்றிரண்டுக்கும் சேர்ந்துவிடும்.

6¼ வந்த கட்டங்களை அனுப்பாதீர்கள். இஸ்திரி போட்டு இழுத்தால் அளவு வரும் என்று சிலர் சொல்வார்கள், துவைத்ததும் அது திரும்பச் சுருங்கும். உங்கள் ஒரு கட்டம் சிறியதாக இருந்தால், அதைப் பெறுகிறவர் மற்ற பதினொன்றையும் 6¼ ஆக வெட்ட வேண்டும். இல்லையேல் உங்களுடையதை ஒதுக்கி வைக்க வேண்டும். சிறியவற்றை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள்; நான்கைச் சேர்த்தால் குஷன் உறை ஆகும்.

கேள்வி: வீட்டில் இருப்பது பழைய கறுப்பு மிதி இயந்திரம். இதில் குவில்ட் தைக்கலாமா? (திருச்சி வாசகி)

பதில்: தாராளமாக. நேர்த்தையல் மட்டும் போடும் இயந்திரத்தின் தகட்டில் ஊசி இறங்கும் துளை சிறியது. முக்கோண முனைகளை அது உள்ளே இழுத்துக் கசக்காது. துண்டுகளை இணைக்க 11ஆம் எண் ஊசி, பஞ்சோடு மூன்று அடுக்காகத் தைக்க 14. இணைக்கும்போது அங்குலத்துக்குப் பன்னிரண்டு தையல் வரும்படியும், அடுக்குகளைத் தைக்கும்போது எட்டு முதல் பத்து வரும்படியும் வையுங்கள். நூல் பருத்தியாக இருக்கட்டும்.

கேள்வி: நியூ ஜெர்சியில் இருக்கும் என் அண்ணியின் கில்டில் ‘ஃபேட் குவார்ட்டர்’ பரிமாற்றம். மதுரையிலிருந்து சுங்குடியும் கலம்காரியும் அனுப்பச் சொல்கிறார். துவைத்து அனுப்பவா? உப்பும் வினிகரும் போட்டால் சாயம் நிற்குமா?

பதில்: முதலில் அளவு. ஃபேட் குவார்ட்டர் என்றால் 18 அங்குலத்துக்கு 22 அங்குலம். 44 அங்குல அகலத் துணியில் அரை கஜம் வெட்டி, அகலத்தை நடுவில் இரண்டாக்குவது. 9 அங்குல அகலத்தில் நீளமான பட்டையாக வெட்டி அனுப்பினால் கால் கஜம் என்ற கணக்குச் சரிதான், ஆனால் பெரிய துண்டுகளுக்கு அது உதவாது. துவைக்கப் போவதால் 20க்கு 24 ஆக வெட்டி, துவைத்துக் காய்ந்தபின் அளவுக்குக் கொண்டுவாருங்கள். கரையோரம் கெட்டியாக நெய்யப்பட்டிருந்தால் அதை விட்டு வெட்டுங்கள்.

முடிந்துபோன பருத்திச் சாயத்தை உப்பு பிடித்து வைக்காது. சாயத் தொட்டியில் சாயத்தை நூலுக்குள் தள்ளுவதுதான் உப்பின் வேலை. வினிகர் கம்பளிக்கும் பட்டுக்கும் போடும் அமிலச் சாயங்களுக்கு உரியது. இயற்கைச் சாயக் கலம்காரியில் வினிகர் படவே கூடாது, கறுப்பும் சிவப்பும் நிறம் மாறும். சுங்குடியை வெதுவெதுப்பான தண்ணீரில், கொஞ்சம் சோப்புத் தூளோடு, தண்ணீர் தெளியும்வரை தனியாக அலசுங்கள். கலம்காரிக்குப் பச்சைத் தண்ணீரும் காரமில்லாத சோப்பும். ஈரத்துணியை வெள்ளைப் பருத்தித் துணிமேல் வைத்து இஸ்திரி போட்டுப் பாருங்கள். நாலு முறை அலசியும் வெள்ளையில் கறை பிடித்தால் அந்தத் துணி பரிமாற்றத்துக்கு வேண்டாம். வெளிர் நிறங்களோடு சேர்ந்து ஒருவருடைய படுக்கை விரிப்பாகப் போகும் துணி அது. ஒரே ஒரு சிவப்புத் துண்டு மொத்தப் போர்வையையும் ரோஜா நிறமாக்கிவிடும்.

அமெரிக்காவில் துவைக்காத துணியிலேயே தைப்பவர்கள் பலர். துவைத்ததும் துவைக்காததும் ஒரே போர்வையில் வெவ்வேறு அளவில் சுருங்கும் என்பதால், ஒவ்வொரு துண்டிலும் சின்னச் சீட்டு வையுங்கள்: துணியின் பெயர், துவைத்தது, எந்தத் தண்ணீரில். ஜரிகை உள்ள பகுதியைச் சேர்க்காதீர்கள். பருத்திக்கு வைக்கும் சூட்டில் பாலியஸ்டர் ஜரிகை சுருண்டுகொள்ளும். துவைத்தபின் லேசாகக் கஞ்சி போட்டு மடித்தால், வாங்குகிறவர் வெட்டும்போது துணி நழுவாது.

கேள்வி: கில்டில் பரிசுப் பொருளாகப் பாத்திரம் பிடிக்கும் துணி தைத்தோம். பஞ்சு வைத்தும் கை சுடுகிறது. ஓரத்தை மூடித் தைக்கும் பைண்டிங் பட்டையும் மூலையில் சுருங்கிக் கிடக்கிறது. (கோவை வாசகி)

பதில்: போர்வைக்குப் போடும் பாலியஸ்டர் பஞ்சை வைத்திருப்பீர்கள். அது குளிருக்கு நல்லது, அடுப்புக்கு ஆபத்து. சூட்டில் இளகும், அழுத்திப் பிடித்தால் தட்டையாகிவிடும். உள்ளே எல்லாமே பருத்தியாக இருக்க வேண்டும். 8 அங்குலச் சதுரத்துக்கு வேண்டியவை: மேல்துணி, பழைய பருத்தித் துருக்கித் துண்டு இரண்டு அடுக்கு, அடித்துணி. ‘இன்சுல்-பிரைட்’ என்ற மினுமினுக்கும் உள்தாள் கிடைத்தால் ஒரு துண்டு அடுக்குக்குப் பதிலாக அதைச் சேர்க்கலாம். அது மட்டுமே போதாது, பருத்தி அடுக்கு ஒன்று கட்டாயம். அதில் உலோகப் பூச்சு இருப்பதால் மைக்ரோவேவில் வைக்கக் கூடாது என்று பரிசோடு எழுதிக் கொடுங்கள். ஈரமான பிடிதுணி எவ்வளவு தடிமனாக இருந்தாலும் சுடும், அதையும் எழுதுங்கள். அடுக்குகளை ஒன்றரை அங்குல இடைவெளியில் தைத்தால் போதும். நெருக்கித் தைத்தால் உள்ளிருக்கும் காற்று போய்ச் சூடு சீக்கிரம் ஏறும்.

பைண்டிங் பட்டை 2½ அங்குல அகலம், நீளவாக்கில் இரண்டாக மடித்தது. 8 அங்குலச் சதுரத்துக்கு 42 அங்குல நீளம் போதும். 36 அங்குல அகலப் பாப்ளின் என்றால் இரண்டு பட்டையைக் குறுக்காக இணைக்க வேண்டும். மூலை சுருங்குவது ஓரம்வரை தைத்துக்கொண்டே போவதால். ஓரத்துக்குக் கால் அங்குலம் முன்பே நிறுத்தி, பின்தையல் போட்டு, துணியை வெளியே எடுங்கள். பட்டையை மேலே 45 டிகிரியில் மடித்து, அப்படியே கீழே மடித்து, மடிப்பு மேல் ஓரத்தோடு சமமாக நிற்கும்படி வைத்து, ஓரத்திலிருந்தே அடுத்த பக்கத்தைத் தொடங்குங்கள். போர்வையில் செய்வதுபோல் பத்து அங்குலம் விட்டு முனைகளை இணைக்க இவ்வளவு சிறிய துண்டில் இடமில்லை. தொடங்கும் முனையை அரை அங்குலம் உள்ளே மடித்து விட்டு, கடைசி முனையை அந்த மடிப்புக்குள் செருகித் தைத்துவிடுங்கள். இணைப்பு ஒரு பக்கத்தின் நடுவில் வரட்டும், மூலைக்குக் கொண்டுபோகாதீர்கள்.

கேள்வி: சிங்கப்பூரில் எட்டுப் பேர் சேர்ந்து பரிமாற்றம் நடத்துகிறோம். போன முறை இருவர் அனுப்பவில்லை, நாலைந்து கட்டங்கள் அளவு பிசகி வந்தன. மனத்தாங்கல் இல்லாமல் எப்படி நடத்துவது?

பதில்: வேலை தொடங்குவதற்கு முன்பே எல்லாவற்றையும் ஒரு பக்கத்தில் எழுதி, எல்லோரும் பார்த்தபின் துணி வெட்டுங்கள். எழுத வேண்டியவை: வெட்டி முடித்த அளவு (6½ என்று மட்டும் சொல்லாமல் ‘ஓரத்துக்கு ஓரம் 6½’), நூறு சதவீதப் பருத்தி, பின்னணி என்ன நிறம், துவைத்ததா இல்லையா, கடைசித் தேதி, வராவிட்டால் என்ன. பின்னணி நிறத்தை விட்டுவிடுகிறவர்கள்தான் அதிகம். ‘வெள்ளை’ என்றால் ஒருவர் பால் வெள்ளை எடுப்பார், இன்னொருவர் சந்தன நிறம் எடுப்பார். ஒரே கடையில் ஒரே தானிலிருந்து வெட்டி எல்லோருக்கும் பகிர்ந்துவிடுவது உத்தமம்.

மாதிரிக் கட்டம் ஒன்றைத் தைத்துக் கூட்டத்தில் சுற்றிவிடுங்கள். முதல் கட்டத்தை இரண்டு வாரத்தில் கொண்டுவந்து அளந்து பார்ப்பது என்று விதி வையுங்கள். எட்டையும் தைத்தபின் குறை சொன்னால் மனம் நோகும். ஒன்றைத் தைத்த நிலையில் சொன்னால் அது உதவி. அனுப்பாதவர்களுக்காக, கூடுதல் கட்டம் தைக்கச் சம்மதிக்கும் ஒருவரை முன்கூட்டியே வைத்துக்கொள்ளுங்கள். கட்டம் தராதவருக்கு மற்றவர்களின் கட்டம் போகாது என்பதும் விதியில் இருக்கட்டும். நோய், பிரயாணம் என்று முதலிலேயே சொல்கிறவரை அன்போடு விடுவியுங்கள்.

இப்போது கையில் இருக்கும் அளவு பிசகிய கட்டங்களுக்கு வழி உண்டு. எல்லாக் கட்டத்தையும் சுற்றி 1½ அங்குலப் பட்டை வைத்துத் தைத்து, பிறகு அத்தனையையும் 8 அங்குலமாக வெட்டுங்கள். சிறியதில் பட்டை அகலமாகத் தெரியும், பெரியதில் ஒடுங்கித் தெரியும். ஒரே அடர் நிறப் பட்டையாக இருந்தால் வித்தியாசம் கண்ணில் படாது.

கேள்வி: பஞ்சு கிடைக்காத ஊரில் இருக்கிறேன். பழைய சேலைத் துண்டுகளை வைத்துக் கையாலேயே தைத்துப் பரிமாற ஏதாவது உண்டா? (தர்மபுரி வாசகி)

பதில்: கர்நாடகத்தில் உத்தர கன்னட மாவட்டத்தின் சித்தி சமூகப் பெண்கள் தைக்கும் கவந்தி என்ற ஒட்டுப்போர்வை இருக்கிறது. ஆப்பிரிக்க வம்சாவளியைச் சேர்ந்தவர்கள் அவர்கள். வரைபடமோ கட்டமோ இல்லாமல், ஓரத்தில் தொடங்கி நடுவை நோக்கி ஒட்டுத் துண்டுகளை வைத்துக்கொண்டே தைப்பது அவர்கள் முறை. 12 அங்குலத்தில் சிறிதாகச் செய்யலாம். அடித்துணி 13 அங்குலம். உள்ளே நிரப்பாகத் துவைத்த பழைய பருத்திச் சேலை இரண்டு அடுக்கு, 12 அங்குலம். அடித்துணியின் ஓரத்தை அரை அங்குலம் உள்ளே மடித்து, முதல் துண்டை ஒரு மூலையில் அதன் ஓரத்தையும் மடித்து வையுங்கள். தடித்த பருத்தி நூலில் ஓட்டுத்தையல். ஒரு பக்கம் முடிந்ததும் திரும்பி அடுத்த பக்கம். சுற்று முடிந்தால் விரற்கடைக்கும் குறைவாக உள்ளே தள்ளி அடுத்த சுற்று. தையல் நெருங்கும்போது அடுத்த துண்டைச் செருகி, முந்தையதன் ஓரம் மறையும்படி வையுங்கள்.

நூலை இறுக்கி இழுத்தால் ஓரம் கிண்ணம்போல் மேலே மடங்கும். ஒவ்வொரு பக்கம் முடிந்ததும் தரையில் விரித்து உள்ளங்கையால் நீவி, அதன்பின் முடிச்சுப் போடுங்கள். நடுவில் துணி மிஞ்சிப் புடைத்தால் கடைசித் துண்டை வைக்கும் முன் அடுக்கைத் தட்டிச் சமன் செய்யுங்கள், தையலால் அமுக்கப் பார்க்காதீர்கள். நான்கு மூலையிலும் சின்னச் சதுரங்களை முக்கோணமாக மடித்து, ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துத் தைப்பார்கள். அந்தப் பூ இல்லாமல் அவர்களுக்குப் போர்வை முடிந்ததாகக் கணக்கில்லை. பரிமாற்றத்தில் கொடுக்கும்போது, இது சித்திப் பெண்களின் முறை என்று பின்பக்கச் சீட்டில் உங்கள் பெயரோடு சேர்த்து எழுதுங்கள்.