குழு கலைந்த பின் பாடகர்

கேள்வி: புதுச்சேரியில் நாங்கள் நடத்திவந்த ராக் இசைக்குழு கலைந்துவிட்டது. அதன் பாடகனான நான் இப்போது தனியாக மேடையேறினாலும், குழுவின் பழைய பாடல்களையே கேட்கிறார்கள். அவற்றைப் பாடுவதா, விட்டுவிடுவதா?
– வாசகர், கடலூர் முதுநகர்

பதில்: சில ஆண்டுகளுக்கு விட்டுவிடுங்கள் என்பதே என் உறுதியான கருத்து. இதே இக்கட்டு, லெட் செப்பலின் என்ற பிரிட்டிஷ் ராக் குழுவின் பாடகர் ராபர்ட் பிளான்ட்டுக்கும் நேர்ந்தது. 1980 செப்டம்பரில் டிரம்ஸ் கலைஞர் ஜான் பான்ஹம் இறந்தபோது, அவருடைய இடத்தில் இன்னொருவரை அமர்த்த மனமில்லாத லெட் செப்பலின் குழுவினர், அந்த டிசம்பரிலேயே குழுவைக் கலைத்தனர். அப்போது பிளான்ட்டுக்கு வயது 32. 1982இல் முதல் தனி ஆல்பத்தை வெளியிட்ட அவர், மறு ஆண்டு சுற்றுப்பயணத்தில் லெட் செப்பலின் பாடல் எதையும் பாடவில்லை. 1988இல், தமக்கென நான்கு ஆல்பங்கள் சேர்ந்த பிறகே, பழைய பாடல்களை மேடைக்கு மீண்டும் கொண்டுவந்தார்.

அவர் பக்கவாத்தியத்தையும் மாற்றிக்கொண்டே இருந்தார் என்பதைக் கவனியுங்கள். 1994இல் பழைய தோழர் ஜிம்மி பேஜுடன் மீண்டும் சேர்ந்தபோதுகூட, எகிப்திய, மொராக்கோ இசைக்கலைஞர்களைத் துணைக்கு வைத்துக்கொண்டே பழைய பாடல்களை வேறு வடிவில் பாடினார். 2007 டிசம்பர் 10 அன்று லண்டனில் லெட் செப்பலின் ஒரே ஓர் இரவுக்காக ஒன்றுகூடியது. அத்துடன் நின்றுகொண்ட பிளான்ட், புளூகிராஸ் என்னும் அமெரிக்க நாட்டுப்புற இசைவகையின் பாடகியும் வயலின் கலைஞருமான அலிசன் கிராஸுடன் மறு ஆண்டு சுற்றுப்பயணம் போனார். உச்சக் குரலுக்குப் பெயர்பெற்றவர் அவரோடு இணைந்து அடங்கிய குரலில் பாடிய ‘ரைசிங் சாண்ட்’, 2009இல் ஆண்டின் சிறந்த ஆல்பத்துக்கான கிராமி விருதை வென்றது. எத்தனை அழகான துணிச்சல் அது!

எலெக்ட்ரிக் கிட்டாரையும் டிரம்ஸையும் மீறிக் கேட்க வேண்டும் என்பதற்காகவே பழக்கிய குரலை, அதே அமைப்பில் வேறு ஆட்களை வைத்துக்கொண்டு பாடினால், கேட்பவர் மனம் பழைய குழுவோடு ஒப்பிடாமல் இராது. ஆகவே, ஒரே ஒரு அகௌஸ்டிக் கிட்டாருடனோ, தமிழ்த் தாளக் கருவி ஒன்றுடனோ புதிய பாடல்களை எழுதிப் பாருங்கள். ஜூன் 21 உலக இசை நாளையொட்டிப் புதுச்சேரியில் நடக்கும் நிகழ்ச்சிகள், அவற்றை முதன்முதலில் பாடிக் காட்ட ஏற்றவை.

பழைய பாடல்களைப் பின்னாளில் பதிவுசெய்து வெளியிட விரும்பினால், அவை கூட்டாக இயற்றப்பட்டவையாயின் உரிமையும் கூட்டானதே என்பதால், முன்னாள் தோழர்களின் ஒப்புதலை இப்போதே எழுத்தில் பெற்றுவிடுங்கள்.